கர்ப்பமாகாதவளை யார் கணக்கில் வைப்பது?

“குழந்தைக்காகப் போட்ட ஊசிதான் இதைக் கொண்டுவந்துடுச்சா டாக்டரம்மா?” சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவு வந்ததும், கூட வந்த தங்கையோ நாத்தனாரோ தாழ்ந்த குரலில் இதைக் கேட்டுவிடுவார்கள். முசரவாக்கம், அய்யம்பேட்டை என்று காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தறிக்கூலியைச் சேர்த்துவைத்துக் கருத்தரிப்பு மையத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. கடன் வாங்கிப் போட்ட ஊசியின் மேல் சந்தேகம் விழுவதில் வியப்பில்லை.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கருமுட்டை வெளியேறும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது, ஆறும் செல்களில் என்றாவது பிழை நேரலாம் என்று எகிப்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971-இல் எழுதினார். அப்படியென்றால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளர்க்கும் மருந்து? 1994-இல் அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வு பயத்தை உறுதிப்படுத்துவதுபோல் வந்தது. கருமுட்டையை வளர்க்கும் குளோமிபீன் மாத்திரையை 12 மாதச் சுழற்சி அல்லது அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு என்றது. ஆனால் 3,837 பெண்களில் கண்டறியப்பட்ட கட்டிகள் மொத்தமே 11. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் மருந்தைப் பெரும்பாலும் விடுவித்துவிட்டன. டென்மார்க்கில் 54,362 பெண்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். நம்பத்தக்க தொடர்பு இல்லை. நெதர்லாந்தில் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்ட 30,625 பேரைச் சராசரியாக 24 ஆண்டு பின்தொடர்ந்து 2021-இல் சொன்னதும் அதுதான். ‘பார்டர்லைன்’ எனப்படும் தீவிரம் குறைந்த கட்டிகள் மட்டும் கூடுதல். அதுவும் மருந்தின் அளவு கூடக் கூட ஏறவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே நெதர்லாந்து ஆய்வின் இன்னொரு பகுதி. பொதுவான பெண்களோடு ஒப்பிட்டால் ஐ.வி.எஃப். பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் அதிகம்தான். அதற்குப் பெரும் காரணம், அவர்களில் பலர் குழந்தையே பெறாதவர்கள் என்பது. கர்ப்பமும் தாய்ப்பாலும் தரும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கருப்பையின் உள்வரித் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆக, சிகிச்சை பலிக்காமல் வீடு திரும்பியவளைத்தான் நாம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாம் கவனிப்பதோ பலித்தவளை. கர்ப்பம் உறுதியானதும் தமிழ்நாட்டில் 12 இலக்க எண் கொடுத்து, தடுப்பூசியிலிருந்து பிறப்புச் சான்றிதழ்வரை பின்தொடர்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆறு மாதம் மாத்திரை, நாலு முறை ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), இரண்டு ஐ.வி.எஃப். என்று முயன்று தோற்றவளின் கதை அவள் வீட்டு அலமாரியில் ஒரு பைலாக முடிகிறது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கியிருந்தால் அந்த பைல்கூட இல்லை.

2021-இன் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் மையங்களின் பதிவேடுகளைப் பத்தாண்டு காக்கச் சொல்கிறது, பிறகு தேசியப் பதிவகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. வெறும் மாத்திரை எழுதித்தரும் கிளினிக்குகள் அதற்குள் வரா. பிறருக்காகக் கருமுட்டை தானம் தருபவருக்குக் காப்பீடும் 12 மாதம்தான். புற்றுநோய் இருபது வருடம் கழித்தும் வரக்கூடிய சமாசாரம்! சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ளவர் வாழ்நாளில் ஒரே முறைதான் தானம் தரலாம். சட்டம் வந்த மறு ஆண்டே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறிய ஊசிகளை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

டென்மார்க்கால் அந்த ஆய்வைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒவ்வொரு குடிமகனுக்கும் 1968 முதல் இருக்கும் ஒற்றை எண். நம்மிடமும் எண்ணுக்குப் பஞ்சமில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு நடத்துகிறது. கருத்தரிப்பு மையங்களின் பதிவுகளைப் பெயர் வெளியே தெரியாமல் அதோடு இணைக்கலாம். மருந்தின் பெயர், அளவு, எத்தனை சுழற்சி என்று எழுதிய ஒரு தாளைச் சிகிச்சை முடியும்போது கட்டாயம் கையில் தர வேண்டும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும்.

அதுவரை, சகோதரிகளே, பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அறிகுறியற்ற பெண்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதால் உயிர்கள் காப்பாற்றப்படுவதாக நிரூபணமில்லை. அதற்குப் பணம் கரைக்க வேண்டாம். ஆனால் வயிற்று உப்புசம், நாலு கவளத்திலேயே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர் போவது என இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல் சீட்டுகளோடு மகளிர் மருத்துவரிடம் போங்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

(கட்டுரையாளர், மகளிர் புற்றுநோய் சிகிச்சை மருத்துவர்)