வானத்துக் கண்ணும் வறியவன் கூரையும்



சித்திரை மாதம். இரவு மணி பத்து. பத்தமடையில் ஒரு பாய் நெசவாளியின் வீடு. கதிரவன் மறைந்து நெடுநேரமாகிவிட்டது. ஆனால் தலைக்கு மேலே காங்கிரீட் தளம், பகலெல்லாம் குடித்த வெயிலை இப்போதுதான் கக்கிக் கொண்டிருக்கிறது! 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பட்டுப்பாய் நெய்து அனுப்பிய ஊர் இது. அந்தப் பாயை நெய்யும் தாய்மார்கள், அதே தரையில் படுத்து உறங்க முடியாமல் விசிறியும் கையுமாக விழித்திருக்கிறார்கள். பாய் இருக்கிறது, உறக்கம் இல்லை!

இந்த வேளையில் விஞ்ஞானம் ஒரு விந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறது. விமானத்தில் ஒரு காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டால், எந்தக் கட்டிடம் எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று படம் பிடித்துக் காட்டிவிடுமாம். வெறும் கதையல்ல இது. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை உமிழ்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர் அது. அந்தக் கதிரைக் காணும் கண்தான் இந்தக் காமிரா. லண்டன் மாநகரின் ஹாரிங்கே மன்றம், வீட்டுக்கு வீடு எவ்வளவு சூடு வீணாகிறது என்று காட்டும் வரைபடத்தை 2007-இல் மக்கள் முன் வைத்தது. குளிர் நாட்டில் கூரை வழியே ஓடும் சூடு, உரிமையாளரின் பணப்பையிலிருந்து ஓடும் காசு!

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே சூடு வெளியே ஓடுகிறது; இங்கே உள்ளே பாய்கிறது. அதைத் துரத்த மின்சாரம் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழன்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 90 யூனிட்! வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் விலையில்லை என்கிறது அரசு. அந்தச் சலுகையில் பெரும்பகுதியை ஒற்றை விசிறியே விழுங்கிவிடுகிறது. மிச்சம் 10 யூனிட்டில் விளக்கு எரிவது எப்படி?

ஆகவே, எந்தக் கூரை கொதிக்கிறது என்று அறிய வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. வரவேற்கிறோம்! ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டிட விரும்புகிறோம்.

முதற்கேள்வி: எந்தக் கண்ணால் பார்ப்பது? 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர் சதுரம். பத்தமடையின் ஒரு தெருவே அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும்! மாடிவீடும் மண்வீடும் அதில் ஒன்றே. வீட்டை வீடாகக் காண, தாழப் பறக்கும் விமானமோ டிரோனோதான் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பார்த்ததெல்லாம் மெய்யா? பளபளக்கும் புதுத் தகரம் கதிரைக் குறைவாகவே உமிழும். ஆகவே தொட்டால் சுடும் தகரக் கூரை, காமிராவுக்குக் குளிர்ந்த கூரையாகத் தோன்றும்! உள்ளே ஏழை வெந்து கொண்டிருப்பான். படத்திலோ அவன் வீடு நீலநிறத்தில் குளுகுளுவென்றிருக்கும்! கூரையின் மேற்புறத்தைக் காணும் காமிரா, கூரைக்குக் கீழே இருக்கும் மனிதனைக் காண்பதில்லை. எனவே வானத்தில் பறந்தவர்கள் வீதியிலும் இறங்கி, வெப்பமானியோடு வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

மூன்றாவது கேள்வி: யாருக்காக இந்தக் கணக்கு? 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2007-இல் கட்டிட விதி வந்தது: பெரும் மின் இணைப்புக் கொண்ட வணிகக் கட்டிடங்களுக்கு! 2018-இல் குடியிருப்புக்கான விதி வந்தது: 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு! மாளிகைக்கு விதி உண்டு. குடிலுக்கு விதி, தலைவிதி மட்டுந்தானா?

வழி இல்லாமல் இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு, அறையின் சூட்டைச் சில டிகிரி குறைக்கும். சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடியில் நடந்து பார்த்த கொத்தனாருக்கு இது தெரியும். 2010 வெயிலில் மக்களைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் தீட்டியது. தெலுங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாண்ட பிறகு நிவாரணம் தருவது கடமை. மாளாமல் காப்பது அதனினும் பெரிய கடமையன்றோ!

படம் எடுங்கள். எடுத்ததை அலமாரியில் பூட்டாமல் பேரூராட்சி வாசலில் ஒட்டுங்கள். எரியும் கூரைகளில் ஏழையின் கூரைக்கு முதலில் வெள்ளை பூசுங்கள். பூசும் வேலையை அந்த ஊர்த் தொழிலாளிக்கே கொடுங்கள்.

தோழர்களே, அதுவரை நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் எந்த வீடு இரவிலும் கொதிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு மன்றத்தின் கதவைத் தட்டுங்கள். விமானம் வரட்டும், வரும்போது நம் கையில் கணக்கு இருக்கட்டும்!