ஐம்பதில் வளையும் விரல்கள்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழி ஒலிக்காத தமிழ் இல்லம் இல்லை. பிள்ளைகளை இளமையிலேயே நெறிப்படுத்த வேண்டும் என்பதற்காகப் பெரியோர் சொல்லி வைத்த சொல் அது. ஆனால் நாளடைவில் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே பிறப்பித்துக்கொண்ட தடையுத்தரவாக அது மாறிவிட்டது. ஐம்பது வயதில் ஓர் இசைக்கருவியைத் தொட ஆசை கொண்டவர், பிறர் சொல்லுமுன் தாமே இப்பழமொழியைச் சொல்லிச் சிரித்து ஒதுங்கிக்கொள்கிறார். இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்டது, வயது வந்தோர் தம் இல்லத்தில், தேர்வுக்கோ மேடைக்கோ அன்றி மகிழ்ச்சிக்காக மட்டும் பியானோ கற்பதைப் பற்றி.

“பியானோவா? அது செல்வர் மாளிகைப் பொருளாயிற்றே!” என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்களில் அதன் எளிய தங்கையாகிய கீபோர்டு இருக்கிறது. மகளோ மகனோ ஆறாம் வகுப்பில் படிக்கையில் ஆவலோடு வாங்கியது. இரண்டு கிரேடு தேர்வுகள் எழுதினார்கள். சான்றிதழ் வரவேற்பறையில் தொங்கிற்று. பத்தாம் வகுப்பு வந்தது, பாட்டு நின்றது. இன்று பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கீபோர்டோ அலமாரியின் உச்சியில், பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதைத் தாய் இறக்கி வைத்து வாசித்தால் என்ன? தந்தை வாசித்தால் என்ன? கேள்வி எளிது. பதில் அத்துணை எளிதன்று என்பதை நமக்கு வந்த ஒரு மடல் உணர்த்திற்று.

மடல் எழுதிய சகோதரி, கன்னியர் நடத்திய பள்ளியில் நான்கு ஆண்டுகள் பியானோ பயின்றவர். திருமணத்தோடு அது நின்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், பேரனுக்கென வாங்கிய கீபோர்டில் ஒருநாள் விரல் வைத்தார், விட மனமில்லை. ஆனால் வீட்டில் எவரும் இல்லாத வேளையில்தான் வாசிக்கிறாராம். கணவர் கடுமையானவர் அல்லர். “இந்த வயதில் யாரிடம் பேர் வாங்கப் போகிறாய்?” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் வெளியே சென்று கதவு சாத்தும் ஓசை கேட்ட பிறகே இவர் உறையை நீக்குகிறார். “அடுக்களையில் திருடித் தின்பதுபோல் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை நாம் பலமுறை படித்தோம்.

கணவர் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. லண்டனில் வெளிவரும் ‘கார்டியன்’ நாளிதழுக்கு 1995 முதல் 2015 வரை ஆசிரியராக இருந்தவர் ஆலன் ரஸ்பிரிட்ஜர். இளமையில் பியானோ கற்றுப் பின் கைவிட்டவர். 2010ஆம் ஆண்டு, தமது 56ஆம் வயதில், ஷோப்பான் இயற்றிய ஜி மைனர் பல்லாட் என்னும் படைப்பை ஓராண்டுக்குள் வாசித்துவிடுவது என்று முடிவு செய்தார். தொழில்முறைக் கலைஞர்களும் தயங்கி அணுகும் கடினமான படைப்பு அது. அவருக்குக் கிடைத்த நேரமோ நாளொன்றுக்கு 20 நிமிடம். அதுவும் காலையில், அலுவல் தொடங்குமுன். அந்தக் காலத்தில்தான் விக்கிலீக்ஸ் ஆவணங்களும், 2011இல் லண்டன் பத்திரிகைகளின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவர் மேசையில் வந்து குவிந்தன. ஓராண்டு என்று குறித்த கெடு தாண்டிப் போயிற்று. ஆயினும் ஒரு சிறு கூட்டத்தின் முன் அதை வாசித்தே விட்டார். 2013இல் அவ்வனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். அவர் எவ்வளவு நன்றாக வாசித்தார் என்பது நமக்கு முக்கியமன்று. தாம் பெரிய கலைஞர் என்று அவரே சொல்லிக்கொள்ளவில்லை. பேரும் புகழும் ஏற்கெனவே நிரம்ப இருந்த மனிதர், பேர் வாங்கவே முடியாத ஒன்றுக்காக நாள்தோறும் 20 நிமிடத்தை ஒதுக்கினார் என்பதே நம்மைக் கவர்கிறது. (நம் சகோதரி ஷோப்பானில் தொடங்க வேண்டியதில்லை, வேண்டவும் வேண்டாம்.)

இனி, வயது வந்தவர் கற்பதில் உள்ள உண்மையான இடர்ப்பாட்டைப் பார்ப்போம். குழந்தைக்குக் கை முந்துகிறது. அறிவு பின்னால் மெல்ல வருகிறது. பெரியவருக்கு இது தலைகீழ். ஐந்து கோடுகளில் எழுதப்படும் இசைக்குறியீடு ஒரு சில வாரங்களில் பிடிபட்டுவிடும். கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஒன்று, இரண்டு என ஐந்து வரை எண்ணிடுவதும் உடனே புரிந்துவிடும். ஆனால் நான்காம் விரலாகிய மோதிர விரலைத் தனியே தூக்கச் சொன்னால் அது எழாது. அண்டை விரல்களோடு தசைநாண்களால் பிணைக்கப்பட்டது அது. வலக்கை ஒன்றைச் செய்ய இடக்கை வேறொன்றைச் செய்ய வேண்டும் என்னும்போது இரண்டும் திகைத்து நிற்கும். தலை அறிந்ததைக் கை செய்ய மறுக்கும் இந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். “நமக்குத் திறமை இல்லை” என்கின்றனர். திறமைக் குறைவு அன்று அது. குழந்தைக்கும் அதே மாதங்கள் பிடித்தன. ஆனால் குழந்தைக்குத் தன்மானம் குறுக்கே வருவதில்லை.

முன்பு கற்று, இடையில் விட்டு, இப்போது திரும்புவோருக்கு இடர் வேறு வகையானது. பழைய பாடல் ஒன்று கைக்குத் தானே வரும், வியப்பாக இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது கட்டத்தில் திடீரென நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து ஓட்டினால் மீண்டும் அங்கேயே நிற்கும். காரணம் இதுதான்: அப்பாடலைக் கை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது, கண்ணும் அறிவும் மறந்துவிட்டன. அந்த இடத்தைப் புதிய பாடமாகவே எண்ணித் தாளைப் பார்த்துக் கற்பதன்றி வேறு வழியில்லை. இதோடு காது வேறு பொல்லாதது. பதினாறு வயதில் வாசித்த வேகத்தையே அது இன்றும் கேட்கிறது. அதற்குச் செவிசாய்க்க வேண்டாம்.

பயிற்சி முறை புதியவர்க்கும் திரும்புவோர்க்கும் ஒன்றே. நான்கே நான்கு தாளக் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வலக்கை தனியே. பின் இடக்கை தனியே. இரண்டும் தடுமாற்றமின்றி வந்த பின்னரே சேர்த்து வாசியுங்கள். எவ்வளவு மெதுவாக வாசித்தால் தவறு வராதோ அவ்வளவு மெதுவாக வாசியுங்கள். தவறோடு வேகமாகப் பத்துமுறை வாசித்தால், தவறைத்தான் பத்துமுறை கற்றுக்கொள்கிறோம். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் 20 நிமிடம் சிறந்தது. இரவு உறக்கத்தின்போது மூளை அன்று கற்ற அசைவுகளை உறுதிப்படுத்துகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். நேற்று மாலை வராத இடம் இன்று காலை வருவதன் இரகசியம் இதுவே. விரல் மூட்டுகளில் வீக்கமும் வலியும் உள்ளவர்கள் கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு தொடங்கலாம். வலி எழுந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

இதனால் நினைவாற்றல் வளருமா என்று கேட்போரும் உண்டு. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 60 முதல் 85 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆறு மாதங்கள் தனித்தனியே பியானோ கற்பித்தனர். கவனத்தையும் செயல்வேகத்தையும் அளக்கும் சில சோதனைகளில் அவர்கள் முன்னேற்றம் கண்டனர். சிறிய ஆய்வுதான், நற்செய்தியே. எனினும் பியானோவை ஒரு லேகியமாக விழுங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. பயன் கருதி மட்டும் உட்காருபவர் மூன்றாம் வாரத்தில் எழுந்துவிடுவார்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இத்தாலியின் பதுவா நகரில் பிறந்த பார்த்தலோமெயோ கிறிஸ்தோபோரி என்பவர், புளோரன்ஸ் நகர மெடிச்சி குடும்பத்தின் பணியில் இருக்கையில், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் பியானோவை உருவாக்கினார். கட்டையை அழுத்தியதும் ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டி, உடனே விலகி விழும். மெல்லத் தட்டினால் மெல்லிய ஒலி, வன்மையாகத் தட்டினால் வலிய ஒலி. நம் ஆலயங்களில் பழகிய கை ஆர்மோனியம் வேறு வகை. அதில் துருத்தியை அழுத்தும்வரை ஒலி நீளும். ஒரு கை துருத்திக்கே போய்விடுவதால் மறு கை மட்டுமே கட்டைகளை அறியும். பல்லாண்டுகள் ஆர்மோனியம் வாசித்த பாடகற்குழு அன்பர்கள் கீபோர்டுக்கு வரும்போது, இடக்கை மட்டும் முதல் வகுப்பு மாணவனாக நிற்பதன் காரணம் இதுவே. அவர்கள் மனம் தளர வேண்டாம். காதும் தாளமும் ஏற்கெனவே கைவசம் உள்ளன. அது பாதிப் பாடம்.

மரத்தாலான உண்மைப் பியானோவில் 88 கட்டைகளும் 200க்கு மேற்பட்ட கம்பிகளும் உண்டு. கம்பிகளின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றும். மழைக்கால ஈரம் மரத்தையும் கம்பளித் துணியையும் உப்பச் செய்யும். ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி கூட்ட ஆள் வேண்டும். வசதியும் இடமும் இருந்தாலன்றி இதற்கு ஆசைப்பட வேண்டாம். அலமாரி மேல் உறங்கும் 61 கட்டைக் கீபோர்டு முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் போதும். அழுத்தத்திற்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவோர், இயன்றால் 88 கட்டைகளும் உண்மைப் பியானோவைப்போல் கனமாக அழுந்துவதை வாங்கலாம். காதில் மாட்டும் ஒலிப்பானைச் செருகிக்கொண்டால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை. ஆனால் எப்போதும் அதை மாட்டிக்கொண்டே வாசிப்பதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். வீட்டில் ஒருவர் இசைக்கிறார் என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும்.

எதை வாசிப்பது? அங்கேரிய இசையறிஞர் பேலா பார்த்தோக் 1926க்கும் 1939க்கும் இடையில் ‘மிக்ரோகோஸ்மோஸ்’ என்ற தலைப்பில் 153 பாடங்களை ஆறு தொகுதிகளாக எழுதினார். முதல் பாடங்கள் ஐந்து விரல்களை இடம் பெயர்க்காமலே வாசிக்கத்தக்கவை. முதல் தொகுதிகள் இளையோரானாலும் வயது வந்தோரானாலும் தொடக்கநிலையினர் அனைவருக்கும் உரியவை என்று முன்னுரையில் அவரே குறித்துள்ளார். பெரியவர்களை மறவாத அந்த முன்னுரைக்காகவே அவரை நமக்குப் பிடிக்கிறது. யோகான் செபஸ்தியான் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1722இலும் 1725இலும் அளித்த இசைக் குறிப்பேடுகளும் உண்டு. அவர் கைதேர்ந்த பாடகி; பிள்ளைகள் நிறைந்த வீட்டின் தலைவி. அக்குடும்பம் வீட்டில் வாசித்து மகிழ்வதற்காக எழுதிச் சேர்த்த ஏடு அது. அதில் உள்ள ஜி மேஜர் மினுவெட் உலகெங்கும் தொடக்க மாணவர் வாசிப்பது. பாக்கின் படைப்பென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கிறிஸ்தியான் பெட்சோல்ட் என்பவருடையது என்று 1970களில்தான் தெளிவாயிற்று. இவற்றோடு, ஞாயிறுதோறும் பாடும் பாடல்களில் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்றை வலக்கையில் மெட்டாகவும், இடக்கையில் இரண்டு மூன்று சுரக் கூட்டுகளாகவும் வாசிக்கப் பழகலாம். தெரிந்த பாடலாதலால் தவறு எங்கே என்று காதே சொல்லிவிடும்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லை நாம் அரைகுறை என்ற பொருளில் பழித்துச் சொல்கிறோம். அதன் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கு அன்பு செய்பவர் என்பதே பொருள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அப்படிப்பட்ட ஒருவர். அவருடைய அண்ணன் கெயோர்க் ரெகன்ஸ்பூர்க் பேராலயப் பாடகற்குழுவை 30 ஆண்டுகள் நடத்திய இசைவல்லார். இவரோ இல்லத்தில் தமக்கென வாசித்தவர். 2005இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது தம் பியானோவையும் புதிய இல்லத்துக்குக் கொண்டுவரச் செய்தார். மொசார்ட்டின் இசை அவருக்கு மிக உகந்தது. உலகத் திருச்சபையின் பொறுப்பைத் தாங்கியவர் யாரிடம் பேர் வாங்க வாசித்தார்?

சகோதரியின் கணவர் இவ்விதழைப் படிப்பவர் என்று அறிகிறோம். ஐயா, தாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், புகழவும் வேண்டாம். மாலையில் நாளிதழோடு அதே அறையில் அமர்ந்திருங்கள். ஒரே நான்கு கட்டங்கள் நாற்பது முறை திரும்பத் திரும்பக் கேட்கும்; சலிப்பாகத்தான் இருக்கும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதிருந்தால் அதுவே பேருதவி.

கடைசியாக, ஆசிரியரைப் பற்றி. கைப்பேசியில் காணொளிப் பாடங்கள் ஏராளம். ஆனால் நம் மணிக்கட்டு விறைத்திருப்பதையும் தோள் உயர்ந்திருப்பதையும் அவை பார்ப்பதில்லை. மாதம் இருமுறையேனும் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். பெரிய ஊர்களில் ஆசிரியர் கிடைப்பர். சிற்றூர்ப் பங்குகளில் பாடகற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பதினேழு வயதுத் தம்பியே போதும். அவன் கூச்சப்படுவான், “ஆன்ட்டி, நான் போய் உங்களுக்கா?” என்பான். கேட்கப் போகும் உங்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். பாடம் நடக்கும் அரை மணி நேரத்துக்கு அவன் ஆசிரியர்; அவன் “மறுபடியும்” என்றால் மறுபடியும் வாசிக்க வேண்டும். முடிந்தபின் கையில் ஊதியத்தைத் தவறாமல் கொடுத்துவிட்டு, அவனுடைய தேர்வு மதிப்பெண்ணை விசாரிக்கலாம்.