ஆகாயத்திலும் வருணாசிரமமா?

ஆகாய விமான மைதானம் என்ற பேச்சு எடுத்தாலே நம் ஜனங்களில் பெரும்பாலோர், “அது பணக்காரர் சங்கதி, நமக்கென்ன?” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படிச் சொல்லும்படி நம்மைப் பழக்கி வைத்திருப்பது எது என்பதைப் பற்றியே நாம் இங்கு சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

திருவள்ளூர் ஜில்லாவில் கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையைப் பலரும் அறிவார்கள். ஆதிதிராவிட மக்கள் பெரும்பான்மையாய் வாழும் அக்கிராமத்தின் மேய்ச்சல் நிலமும் காடும் சுமார் 15 வருஷங்களுக்கு முன் தொழிற்பேட்டைக்கென்று எடுத்துக்கொள்ளப்பட்டன. ஜனங்கள் மறித்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், ஆனாலும் நிலம் போயிற்று. பிரஞ்சு தேசத்துக் கம்பெனி ஒன்று வந்து அங்கே டயர் செய்கின்றது. தொழிற்சாலை வருவதை நாம் வெறுப்பவர்களல்ல. யந்திரம் வந்தால் மனிதனின் முதுகு நிமிரும் என்று சொல்லி வருபவர்கள் நாம். ஆனால் நிலத்தைக் கொடுத்தவன் பிள்ளை யந்திரத்தை ஓட்டுகிறானா, அல்லது யந்திரம் இருக்கும் இடத்தைப் பெருக்குகிறானா என்பதுதான் கேள்வி.

நிற்க, அதே ஜில்லாவில் தெற்கே சோழவரத்தில் இரண்டாவது உலக யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருக்கின்றது. யுத்தம் முடிந்தபின் அங்கே வெகுகாலம் மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு பந்தயமும் வேறிடம் போய்விட்டது. இதுபோலவே உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களிலும் யுத்தகால ஓடுபாதைகள் உண்டு. வெள்ளைக்காரன் அவசரத்துக்குப் போட்டவைகளை, அவன் போய் 75 வருஷங்களுக்கு மேலாகியும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உபயோகப்படுத்த வேண்டுமென்ற எண்ணம் யாருக்காவது சரியாக வந்ததா?

பெரிய விமான நிலையம் வேறு, சிறிய மைதானம் வேறு. பரந்தூரில் கட்டப்போவதற்கு 5,000 ஏக்கருக்கு மேல் வேண்டுமென்கிறார்கள்; ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் அதை எதிர்த்து நிற்கிறார்கள். நான்கு பேர் ஏறும் சிறு விமானத்துக்கோ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நல்ல பாதை போதும். அத்துடன் விமானங்கள் நிற்க ஒரு கொட்டகை, பெட்ரோல் வைக்க ஒரு தொட்டி, காற்றின் திசையைக் காட்ட ஒரு கம்பமும் துணிப்பையும், தீயணைக்கும் வண்டி ஒன்று, பழுது பார்க்கும் பட்டறை ஒன்று, பாடம் சொல்ல இரண்டு அறை. இவைதான் முக்கியம். இதற்காகப் புதிதாக ஒரு கிராமத்தையும் காலி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் நம் நாட்டார் விமானத்தைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள்? “புஷ்பக விமானம் அன்றைக்கே இருந்தது” என்கிறார்கள். கிராமத்துப் பாகவதர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். 2015-ல் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே, வேதகாலத்தில் விமானம் பறந்தது என்று ஒரு கட்டுரை படிக்கப்பட்டது! இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற புத்தகத்தைப் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தார் 1974-லேயே ஆராய்ந்து, அது 20-ம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றும், அதில் கண்டபடி செய்தால் ஒன்றும் பறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். 2019-ல் பிரஞ்சு தேசத்தில் ரபேல் யுத்த விமானத்தை வாங்கிக்கொண்ட பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங், அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். புஷ்பக விமானத்துக்கு வாரிசுகள், விமானத்தைப் பிறனிடம் விலைக்கு வாங்கிப் பழத்தை மட்டும் சொந்தமாகப் போடுகிறார்கள்!

விமானத்தை உண்மையில் கண்டுபிடித்தவர்கள் யார்? சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள். சர்வகலாசாலைப் பட்டம் பெறாதவர்கள். 1903 டிசம்பர் 17-ல் முதன்முதல் பறந்தது 12 விநாடி; தூரம் 120 அடி. அவர்கள் தகப்பனார் ஒரு பாதிரியார்தான். ஆனாலும் விமானம் பைபிளிலிருந்து இறங்கி வரவில்லை. இறக்கையைக் காற்றில் வைத்துச் சோதித்துச் சோதித்துப் பார்த்ததனால் வந்தது. சென்னையிலும் 1910-ல் ஓட்டல்கார டி ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானம் கட்டுவித்துப் பறந்து காட்டினார். 1936-ல் சரளா தக்ரால் என்ற பெண், 21 வயதில், புடவை கட்டிக்கொண்டே விமானம் ஓட்டி லைசென்சு பெற்றார். சைக்கிள்காரனும் ஓட்டல்காரனும் பெண்ணும் செய்த காரியத்தைச் சேரிப் பிள்ளை செய்ய முடியாது என்று எந்தக் காற்று சொல்லிற்று?

இன்று சம்பளத்துக்கு விமானம் ஓட்ட லைசென்சு வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல பத்து லட்ச ரூபாய் செலவாகின்றது. பணமுள்ளவர் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் பறந்துவிட்டு வருகிறார்கள். மற்றவன் அண்ணாந்து பார்க்கிறான். முன்பு “வேதம் படிக்க உனக்கு யோக்கியதை இல்லை” என்று சாஸ்திரம் சொல்லிற்று. இன்று “பறக்க உனக்கு யோக்கியதை இல்லை” என்று பண மூட்டை சொல்லுகிறது. மநுவின் வேலையைப் பணம் செய்கின்றது; அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். சோழவரம் போன்ற பழைய ஓடுபாதைகளில் எவை தகுதியானவை என்று சர்க்கார் பார்த்துச் செப்பனிட்டு, சர்க்கார் செலவில் விமானப் பள்ளிக்கூடங்கள் வைக்க வேண்டும். விமானம் ஓட்டுவது மாத்திரமல்ல, அதைப் பழுது பார்க்கும் தொழிலும் கற்பிக்க வேண்டும். தொழிலுக்கென்று நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கும், பெண்களுக்கும் அதில் முதலிடம் ஒதுக்க வேண்டும். அதன் வாசலில் பூமி பூஜை வேண்டாம், பூசணிக்காயும் வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஆகாயத்தைப் பார்த்து, “அது எப்படிப் பறக்கிறது?” என்று கேட்டால், அனுமார் கதை சொல்லி அவன் வாயை அடைக்காதீர்கள். “தெரியவில்லை, தெரிந்தவரிடம் போய்க் கேட்போம் வா” என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். பறப்பதற்கு முதல் ஓடுபாதை அந்தக் கேள்விதான். அதில் குறுக்கே படுத்திருக்கும் சாஸ்திரத்தையும் ஜாதியையும் அப்புறப்படுத்தாதவரை, சர்க்கார் எத்தனை மைதானம் போட்டாலும் அதில் இறங்குவது பிறர் பிள்ளைகளாகவே இருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.