தமிழைச் சாய்த்தால் அழகு வந்துவிடுமா?

இன்னைக்கு எழுத்துருக்களைப் பத்திக் கொஞ்சம் மொக்கை போடலாம்னு இருக்கேன்.

எங்க பாரிவாக்கம், பூந்தமல்லி பக்கம் அடிக்கிற கல்யாணப் பத்திரிகைகளைக் கவனிச்சுப் பாருங்க. ஆங்கிலப் பக்கத்துல மணமக்கள் பேர் ஸ்டைலா சாய்ஞ்சு நிக்கும். தண்டு தடிமனா, வளைவு தலைமுடி மாதிரி மெல்லிசா, பார்த்தாலே பணக்காரக் களை! பக்கத்துலயே தமிழ். அதே ஸ்டைல் வேணும்னு டிடிபியில இட்டாலிக் பொத்தானை அமுக்கியிருப்பாங்க. பாவம், காத்துல சாய்ஞ்ச பந்தல் மாதிரி இருக்கும்.

அந்த ஆங்கில அழகு சும்மா வரலைங்க. 1501-ல வெனிஸ் நகரத்துல ஆல்டஸ் மனுஷியஸ் வெர்ஜில் கவிதைகளைச் சாய்வெழுத்துல அச்சிட்டார். அச்சு வெட்டினவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்தக் காலத்துப் படிச்சவங்க வேகமா எழுதின கையெழுத்துதான் அதுக்கு மூலம். அதாவது இட்டாலிக்னா நேர் எழுத்தைச் சாய்க்கிறது இல்ல, வேற எழுத்தையே வரையிறது. தடிமனுக்கும் மெல்லிசுக்கும் அவ்வளவு வித்தியாசம் காட்டுற பாணி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில போடோனியும் பாரிஸ்ல டிடோ குடும்பமும் வளர்த்தது. 1992-ல ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை புதுசா மாறினப்போ, ஜொனாதன் ஹோஃப்ளர் வரைஞ்ச டிடோதான் அதுக்கு முகம்.

நம்ம கதை வேற. ஓலையில எழுத்தாணி கீறினா கோடு ஏறக்குறைய ஒரே தடிமன். அதனால நம்ம எழுத்தோட அழகு சுழியிலயும் வளைவுலயும் இருக்கு. அதைக் கம்ப்யூட்டர் சாய்க்கும்போது என்ன ஆகுது? வட்டம் முட்டை ஆகுது. மேல இருக்கிற புள்ளி வலப்பக்கம் நகருது. "அன்பு"ன்னு அடிச்சா ன் மேல இருக்கிற புள்ளி பு-வை எட்டிப் பார்க்குது! ணை, ஞை மாதிரி நெருக்கமான எழுத்துல கோட்டை முடி மாதிரி மெலிசாக்கினா, சின்ன அளவுல அச்சடிக்கும்போது பாதி காணாமலே போயிடும்.

அப்ப தமிழுக்குச் சாய்வே கூடாதா? அப்படிச் சொல்லலைங்க. நம்ம கையெழுத்திலிருந்து பிறக்கணும்னு சொல்றேன். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கின "கவிவனார்" எழுத்துருவைப் பாருங்க. சாய்ஞ்ச தமிழ்க் கையெழுத்துப் பாணி, கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமாவே கிடைக்குது. பத்திரிகைக்கும் நகைக்கடைக்கும் ஏத்த மாதிரி, தடிமனும் மெல்லிசுமா வரையுற தமிழும் இதே வழியில நிறைய வரணும்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையான்னு கேக்காதீங்க. ஆங்கிலம் பட்டுப்புடவையிலயும் தமிழ் கசங்கின சட்டையிலயும் பக்கத்துல பக்கத்துல நின்னா, நாளைக்குப் பத்திரிகை அடிக்கிறவங்க எதை எடுத்துட்டு எதை விடுவாங்க? யோசிங்க. அதுவரைக்கும் அந்த இட்டாலிக் பொத்தான் மேல கை வைக்காதீங்க, ப்ளீஸ் :-)