குப்பை மேட்டில் ஒரு சோலை

தாராவி என்றதும் முகம் சுளிப்போர் பலர். நம்மவருள்ளும் டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தபின் அவ்வூர்ப் பெயரையே மறைப்போர் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

சென்ற ஞாயிறன்று, மெகா பிளாக் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பிள்ளைகளுடன் ஸ்லோ லோக்கலில் சயான் சென்றோம். அங்கிருந்து பாந்திரா செல்லும் சாலையில், தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையிலே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட இடம் அது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1983-ஆம் ஆண்டில் அங்கு மரக்கன்று நட்டார். 1994 ஏப்ரல் 22, புவி தினத்தன்று பூங்கா திறக்கப்பெற்றது. இன்று அங்கே மரநிழலும் பறவையொலியும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்துள்ளன.

"குப்பை எங்கே அப்பா?" என்று வினவினான் நம் இளையவன். "நீ நிற்கும் மண்ணுக்கு அடியில்" என்றோம். அவன் நெடுநேரம் தரையையே நோக்கி நின்றான்.

கெட்ட நிலம் என்று ஒன்றைக் கைவிடுதல் எளிது. மண்ணிட்டு, நீர் வார்த்து, ஆண்டுக்கணக்கில் காத்திருத்தலே அரிது. நம் குடியிருப்பின் பின்புறத்திலும் குப்பை குவியும் மூலை ஒன்று உண்டன்றோ? மழை தொடங்குமுன் அதனைச் சீர்செய்து, பத்துக் கன்றுகள் நடுவோம். நடுவதற்குப் பலர் வருவர்; கோடையில் குடம் தூக்க யார் வருவீர்? அவர்களே சங்கத்தில் முதலில் பெயர் கொடுங்கள்.