கண்ணாடிக் கதவுக்கு வெளியே

சென்ற மாதம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பாட்டியம்மாளைச் சந்தித்தேன். மகளுக்கு மாதம் நிறையாமல் பிரசவமாகிவிட்டது. பேரனின் எடை 1,100 கிராம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவன், வெளியே இவர்.

"ஆறு பிள்ளைகளை இந்தக் கையால் குளிப்பாட்டி வளர்த்தவள் நான். பேரனைத் தொடாதே என்கிறாளே அந்த நர்ஸு! என் கை என்ன, தேள் கொடுக்கா?" என்று என்னிடம் முறையிட்டார்.

நேயர்களே, பாட்டியின் கோபம் நியாயந்தான். ஆனால் நர்ஸின் பிடிவாதம் அதைவிட நியாயமானது.

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. தாயின் ரத்தத்திலிருந்து வரவேண்டிய எதிர்ப்புச் சக்தியில் பெரும் பகுதி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் வந்து சேரும். முந்திப் பிறந்த குழந்தை அந்தச் சீதனத்தை வாங்காமலே புறப்பட்டு வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ரத்தக்குழாயில் ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய். எல்லாம் உயிர் காக்கத்தான். ஆனால் கிருமிக்கும் அவை வாசல்கள். நம் தோலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி கூட அங்கே எமனாகிவிடலாம்.

அப்படியானால் தாயும் வெளியேதான் நிற்க வேண்டுமா? கூடாது!

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல், கிருமித் தொற்றும் மிகுந்து திண்டாடிய ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கார் ரே சனாப்ரியா சின்னஞ்சிறு குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கச் சொன்னார். அதுதான் கங்காரு முறை. 2021-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, டில்லி உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்தது. குழந்தை தேறிய பிறகு தாயிடம் கொடுத்த பிரிவில், முதல் 28 நாட்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனேயே அணைக்கத் தொடங்கிய பிரிவில் 12. ரத்தத்தில் கிருமி பரவுவதும் குறைந்தது. தாய்ப்பாலும், தாயின் தோலிலுள்ள பழகிய கிருமிகளும் குழந்தைக்குக் காவல்.

உங்கள் வீட்டில் இப்படியொரு குழந்தை பிறந்தால், வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவிய பிறகே உள்ளே போங்கள். ஜலதோஷமா? வீட்டிலேயே இருங்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் நாக்கில் வைக்காதீர்கள். இன்னொன்று: குழந்தையைத் தொட வருகிறவர் பெரிய டாக்டரேயானாலும், "கை கழுவிவிட்டீர்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாட்டியிடமும் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே மகளின் மார்பில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். பாட்டி இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே பார்த்தபடி நின்றார்.

"வீட்டுக்கு வரட்டும். கழுவிக்கொண்டே தூக்குகிறேன்" என்றார்.