பேராசிரியர் கம்பெனி ஆரம்பிக்கட்டும், ஆனா தோப்பைப் பார்த்துட்டு

வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொழில்முனைவோர் ஆகணும், கண்டுபிடிப்பைக் கம்பெனியா மாத்தணும்னு இப்போ மேடைக்கு மேடை பேசுறாங்க. இதைப் பத்தி நகரத்து நண்பர்கள் ரெண்டு பேர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். ஒருத்தர், "வாத்தியாருக்கு எதுக்குங்க வியாபாரம், அதான் சம்பளம் வருதே?" என்றார். இன்னொருத்தர், "ஸ்டார்ட்அப் வந்தாத்தான் விவசாயம் உருப்படும்" என்றார். ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல. வாத்தியார் வியாபாரத்துக்கு வரட்டும், தாராளமா வரட்டும். ஆனா யாரோட பிரச்சினையை எடுத்துக்கிட்டு வர்றார்னு நான் கேப்பேன்.

தென்னையை எடுத்துக்குங்க. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையோட அடிப்பக்கத்துல சுருள் சுருளா முட்டை வைக்கும். சாற்றை உறிஞ்சி, இனிப்பா ஒரு திரவத்தைக் கீழ் ஓலை மேல சொட்டவிடும். அதுல கரும்பூசணம் பிடிச்சு, தோப்பே கரி பூசின மாதிரி ஆயிடும். இதுக்கு விஞ்ஞானிகள் வழி சொன்னாங்க. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. தண்ணியை வேகமா அடிச்சு ஈயைக் கழுவுங்க. கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்சுத் தெளிங்க. என்கார்சியாங்கிற குட்டிக் குளவியைத் தோப்புல விடுங்க, அது ஈயோட குஞ்சுகளை அழிக்கும். கடுமையான பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீங்க, அடிச்சா அந்தக் குளவிதான் முதல்ல சாகும்.

இதுல ஒண்ணுகூடத் தப்பான யோசனை கிடையாது. ஆனா 60 அடி மரத்து ஓலைக்கு அடியில தண்ணியை யார் அடிக்கிறது? தேங்காய் பறிக்கவே ஆள் கிடைக்காம அலையறோம். அவ்வளவு உயரத்துக்கு வீசுற ஸ்ப்ரேயரை ஒண்ணரை ஏக்கர்காரன் சொந்தமா வாங்கிக் கட்டுப்படியாகாது. குளவி வேணும்னா அதை வளர்க்கிற இடத்தைத் தேடிப் போகணும். பூச்சிமருந்தோ ஊர்க்கடையிலயே இருக்கு, கடனுக்கும் கிடைக்கும். அதை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கு, போன் பண்ணி "அடிச்சாச்சுங்களா"னு கேக்க ஏஜென்ட் இருக்கு.

கிராமத்துக்கு எது வந்து சேருதுன்னு பார்த்தீங்கன்னா, எதை விக்க ஒருத்தர் இருக்காரோ அதுதான். நல்ல யோசனைக்கு டீலர் கிடையாது, மருந்துக்கு உண்டு. அதனாலதான் பேராசிரியர் தொழில்முனைவரா வரணும்னு நான் சொல்றேன். குளவியைப் பொட்டலமாக்கி, பால் வண்டி வர்ற மாதிரி வாரத்துக்கு ஒருநாள் ஊருக்குக் கொண்டு வர ஒரு ஏற்பாடு வேணும். உயர ஸ்ப்ரேயரை ஆளோட அனுப்பி, மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற ஒரு சேவை வேணும். இது ராக்கெட் விஞ்ஞானமில்லைங்க. தெரிஞ்ச விஷயத்தை வாசல் வரைக்கும் கொண்டாந்து சேர்க்கிற வேலை.

இது நடக்கிற காரியம்தான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட தென்னை டானிக்கே சாட்சி. 40 மில்லி டானிக்கை 160 மில்லி தண்ணியில கலந்து, பென்சில் கனமான வேரைச் சாய்வா சீவி, அதுல பையைக் கட்டிவிட்டா மரம் தானா குடிச்சுக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும், மரம் ஏற வேண்டியதில்ல. பயறு ஒண்டரும் அப்படித்தான், உளுந்து பூக்கிற நேரத்துல ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சா வேலை முடிஞ்சது. சத்துக் குறைபாடு பத்திப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தா எங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? டப்பாவுலயும் பாக்கெட்டுலயும் போட்டுக் கொடுத்ததால புரிஞ்சது.

அப்புறம் ஏன் இந்த மாதிரி நிறைய வரல? பேராசிரியர் மேல மட்டும் பழி போடுறது நியாயமில்ல. பதவி உயர்வுன்னு வந்தா ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மதிப்பெண் இருக்கு. எந்த இதழ்ல வந்தா எத்தனை புள்ளின்னு நாஸ் பட்டியலே இருக்கு. கட்டுரையை எண்ணுறது சுலபம், தோப்புல நடந்ததை எண்ணுறது கஷ்டம். சுலபமா எண்ண முடியுறதைத்தான் எந்த ஆபீசும் எண்ணும். எதுக்கு மார்க்கோ அதைத்தான் மனுஷனும் செய்வான், உங்க பிள்ளையும் பரீட்சைக்கு வர்ற பாடத்தைத்தானே படிக்கிறான்?

அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கதையைப் படிங்க. அங்கே பாலை எடை போட்டு வாங்கிக்கிட்டிருந்த காலத்துல, தண்ணி கலந்தவனுக்கும் நல்ல பால் ஊத்தினவனுக்கும் ஒரே காசு. வேளாண் வேதியியல் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக் 1890-ல் பாலில் கொழுப்பு பார்க்கிற எளிய முறையைக் கொண்டுவந்தார். காப்புரிமை வாங்காம ஊருக்கே விட்டுட்டார். நம்ம சொசைட்டியில இருக்கிற கருவி வேற, ஆனா ஃபேட் பார்த்துக் காசு கொடுக்கிற நியாயம் அதேதான்.

அதே பல்கலைக்கழகத்துல பின்னாடி வந்த ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் காட்டினா உணவுல வைட்டமின் டி கூடும்னு கண்டுபிடிச்சுக் காப்புரிமை எடுத்தார். தனியார் கம்பெனிக்கு விக்கல. 1925-ல் அதுக்காக ஒரு அறக்கட்டளை உருவாச்சு, வர்ற பணம் ஆராய்ச்சிக்கே போச்சு. 1933-ல் ஒரு விவசாயி, ரத்தம் உறையாம செத்துப்போன தன் கிடேரியையும், அது தின்ன கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் பனியில அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நின்னார். அந்த ஆராய்ச்சியோட தொடர்ச்சியில வந்ததுதான் வார்ஃபரின். முதல்ல எலி மருந்து, அப்புறம் மனுஷனுக்கு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து. அதோட பேர்லயே அந்த அறக்கட்டளையோட பேர்ச்சுருக்கம் இருக்கு. தொடக்கம் என்னன்னு பாருங்க, ஒரு விவசாயியோட செத்த மாடு.

ஆனா அந்த அறக்கட்டளையும் ஒரு இடத்துல சறுக்கிச்சு. வெண்ணெய் வாங்க வழியில்லாத ஏழைங்க வாங்குற மார்ஜரினுக்கு வைட்டமின் உரிமத்தைக் கொடுக்கலன்னு 1940-கள்ல வழக்கு நடந்தப்போ நீதிமன்றமே கண்டிச்சது. பல்கலைக்கழகம் வியாபாரத்துல இறங்கினா இந்த ஆபத்தும் கூடவே வரும். "வாத்தியாருக்கு எதுக்கு வியாபாரம்"னு கேட்ட நண்பரோட பயத்துல நியாயம் இருக்குன்னு இதனாலதான் சொல்றேன்.

அதனால நான் கேக்கிறது இதுதான். விவசாயி கொண்டாந்த பிரச்சினைக்குத் தீர்வு கண்டு, அது ரெண்டு மூணு வருஷம் ஊர்ல நின்னா, நல்ல இதழ்ல வந்த கட்டுரைக்குச் சமமா மார்க் கொடுங்க. நின்னுச்சா இல்லையான்னு சொல்ற குழுவுல பயன்படுத்தின விவசாயியும் உக்காரணும். பேராசிரியர் லாபத்துல பங்கு எடுக்கட்டும், யாரும் பொறாமைப்பட மாட்டோம். ஆனா பொருள் வேலை செய்யலன்னா நஷ்டத்துலயும் பங்கு இருக்கணும். இன்னைக்குப் புதுசா எது வந்தாலும் சோதனை எங்க வயல்ல, நஷ்டம் எங்க பாக்கெட்டுல. விதை விஷயத்துல இன்னும் கறாரா இருக்கணும். விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் கைமாத்திக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டுன்னு 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. மக்கள் வரிப்பணத்துல உருவான ரகத்தை வாங்கிப் பேரை மாத்தி, பிராண்டு ஒட்டி எட்டாத விலைக்கு விக்க எந்த ஸ்டார்ட்அப்புக்கும் வழி விடக்கூடாது.

நகரத்துல இருக்கிற நீங்க இதை எங்க சண்டைன்னு ஒதுக்கிடாதீங்க. அந்தப் பல்கலைக்கழகம் உங்க வரியிலயும்தான் நடக்குது. உங்க பிள்ளைங்களும் அங்கே படிக்கிறாங்க. அடுத்த தடவை யாராவது "அக்ரி ஸ்டார்ட்அப்"னு கைதட்டச் சொன்னா, "எந்த ஊர் விவசாயி இதைக் கேட்டார், பொய்த்துப் போனா அவருக்கு யார் காசு தருவாங்க?"னு கேளுங்க. பதில் சரியா இருந்தா நானும் வந்து சேர்ந்து கைதட்டுறேன்.